வெள்ளை பூத்த சாக்லேட் கெட்டுப்போனதா? எப்படி வைக்கணும், எப்போ தூக்கிப் போடணும்?

கம்பத்துல இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. வீட்டுக்காரர் துபாயில இருந்து வந்தப்போ மூணு கிலோ சாக்லேட் கொண்டுவந்தாராம். போன மாசம் குமுளி போனப்போ, வீட்டுல செஞ்ச சாக்லேட்னு இன்னொரு கிலோ வாங்கியிருக்காங்க. எல்லாத்தையும் ஃப்ரிட்ஜுல வச்சு, இப்போ திறந்து பார்த்தா பாதிக்கு மேல வெள்ளை படர்ந்திருக்கு. மாமியார் "பூசணம், குப்பையில போடு"ன்னு சொல்றாங்க, பிள்ளைங்க அழுறாங்க. இதைச் சாப்பிடலாமா, இனிமே எப்படி வைக்கிறதுன்னு கேள்வி.

அவசரப்பட்டுத் தூக்கிப் போட்டுடாதீங்க. நீங்க சொல்றதை வச்சுப் பார்த்தா அதுல பெரும்பாலானது நல்ல சாக்லேட்தான். நான் பதினாலு வருஷமா குமுளியில சாக்லேட் செய்றேன். வீடு கம்பத்துல, வேலை மலை மேல. ஒரே சாக்லேட் மலையில ஒரு மாதிரியும் கீழ ஊருல ஒரு மாதிரியும் கெடுறதைத் தினமும் பார்க்கிறவ நான். அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன்.

முதல்ல அந்த வெள்ளை என்னன்னு பார்ப்போம். சாக்லேட்டுல வெள்ளை ரெண்டு விதமா வரும், ரெண்டுமே பூசணம் கிடையாது. ஒண்ணு கொழுப்பு வெளிய வந்து பூக்கிறது. இன்னொண்ணு சர்க்கரை வெளிய வந்து பூக்கிறது. முதலாவதுக்குக் காரணம் சூடு, ரெண்டாவதுக்குக் காரணம் ஈரம்.

நெய்யை வச்சு யோசிச்சா இது சுலபமாப் புரியும். உருக்கின நெய்யை மெதுவா ஆற விட்டா மணல் மணலா உறையும். அதே நெய்யை உருக்கி உடனே ஃப்ரிட்ஜுல வச்சா வழவழன்னு உறையும். நெய் ஒண்ணுதான், உறைஞ்ச விதம் வேற. சாக்லேட்டுல இருக்கிற கொழுப்பான கொக்கோ வெண்ணெய்க்கும் அப்படித்தான், அது ஆறு விதமா உறையும். அதுல அஞ்சாவது விதத்துல உறைஞ்சாத்தான் சாக்லேட் பளபளன்னு இருக்கும், உடைச்சா "டக்"னு சத்தம் வரும், வாயில போட்டதும் கரையும். அது உருகுறது சுமார் 34 டிகிரியில. அந்த விதத்துல உறைய வைக்கத்தான் நாங்க தெர்மாமீட்டரும் கையுமா நிக்கிறோம். கறுப்பு சாக்லேட்டை 45 டிகிரிக்கு மேல உருக்கி, 27, 28 வரைக்கும் இறக்கி, மறுபடி 31, 32-க்கு ஏத்தி, அதுக்கப்புறம்தான் அச்சுல ஊத்துவோம்.

இப்போ அந்தச் சாக்லேட் கம்பத்துக்கு வருது. சித்திரை வெயில்ல மத்தியானம் அடுக்களை 35 டிகிரியைச் சாதாரணமா தாண்டும். உள்ள இருக்கிற கொழுப்பு இளகும், ராத்திரி மறுபடி உறையும். இந்த முறை உறைய வைக்க யாரும் பக்கத்துல இல்லை, அது பாட்டுக்கு உறையும். இளகின கொழுப்புல கொஞ்சம் மேல கசிஞ்சு வந்து, சாம்பல் பூத்த மாதிரி வெள்ளையா படியும். அதுதான் கொழுப்புப் பூப்பு. முழுசா உருகணும்னுகூட இல்லை, 28 டிகிரிக்கு மேல ஏறி இறங்கிக்கிட்டே இருந்தாலே வந்துடும்.

மலை மேல கதை வேற. குமுளி சுமார் 900 மீட்டர் உயரம், ஆனி ஆடியில சாரலும் மூடுபனியுமா இருக்கும். அங்க சூடு பிரச்சினை இல்லை, ஈரம்தான் பிரச்சினை. மழைக்காலத்துல ஜீனி டப்பா கட்டி தட்டுது இல்லையா? அந்த ஈரம் சாக்லேட் மேல படிஞ்சா, மேல் பரப்புல இருக்கிற சர்க்கரை கரையும். ஈரம் காய்ஞ்சதும் சர்க்கரை சொரசொரன்னு படிகமா நிக்கும். இதுதான் சர்க்கரைப் பூப்பு.

கம்பத்துல சர்க்கரைப் பூப்பு வராதான்னு கேட்டா, வரும், ஃப்ரிட்ஜு வழியா. ஃப்ரிட்ஜுல இருந்து செம்புத் தண்ணியை எடுத்து வச்சா ரெண்டு நிமிஷத்துல வெளிப்பக்கம் வேர்க்குது இல்லையா, சாக்லேட்டும் அப்படித்தான் வேர்க்கும். பிள்ளைங்க எடுத்து, பிரிச்சு, ஒரு துண்டு கடிச்சுட்டு மீதியை உள்ள வைக்கும். மறுநாளும் அதே கதை. நாலு நாள்ல வெள்ளையாகிடும்.

ரெண்டையும் பிரிச்சுக் கண்டுபிடிக்க ஒரு சொட்டுத் தண்ணி போதும். வெள்ளையா இருக்கிற இடத்துல விரல் நுனியால ஒரு சொட்டு வைங்க. கொழுப்புப் பூப்பா இருந்தா தண்ணி தாமரை இலை மேல நிக்கிற மாதிரி உருண்டு நிக்கும். சர்க்கரைப் பூப்பா இருந்தா பரவி உள்ள இழுக்கும், தொட்டா பிசுபிசுக்கும். தண்ணி வேண்டாம்னா கட்டை விரலை வச்சு அஞ்சு நொடி மெதுவாத் தேய்ங்க. கொழுப்புன்னா விரல் சூட்டுல வெள்ளை மறைஞ்சு அந்த இடம் மட்டும் கறுப்பா பளபளக்கும். சர்க்கரைன்னா மறையாது, பொடி மணல் தட்டுற மாதிரி இருக்கும். இதுல எதுவா இருந்தாலும் சாப்பிடலாம். கொழுப்புப் பூத்தது கொஞ்சம் மெழுகு மாதிரி இருக்கும், சர்க்கரைப் பூத்தது நாக்குல நறநறங்கும். ருசி குறையும், உடம்புக்கு ஒண்ணும் ஆகாது.

அப்போ பூசணம் சாக்லேட்டுல வரவே வராதா? வெறும் சாக்லேட்டுல ஈரப்பதம் ஒரு சதவீதம்கூட இருக்காது, அதுல பூசணத்துக்கோ பாக்டீரியாவுக்கோ வளர வழி இல்லை. வந்தா, தண்ணி பட்டிருக்கணும், இல்லைன்னா உள்ள ஈரமா ஏதாவது இருக்கணும். பாலாடை சேர்த்த கிரீம், பேரீச்சம்பழம், அத்திப்பழக் கூழ் வச்சதுல எல்லாம் வரும். பார்க்கவும் வேற மாதிரி இருக்கும். பூப்பு தட்டையா, மாவு தடவினாப்புல பரவலா இருக்கும். பூசணம் திட்டுத் திட்டா, பஞ்சு மாதிரி இழையோட, பச்சையாவோ சாம்பலாவோ மேல எழும்பி நிக்கும். மண் வாடை அடிக்கும். அது இருந்தா அந்த இடத்தை மட்டும் சுரண்டிட்டுச் சாப்பிடாதீங்க, அந்தத் துண்டையே போட்டுடுங்க.

உண்மையிலேயே சாக்லேட் கெடுறது எப்படின்னா, பெரும்பாலும் கொழுப்பு காறிப்போய்த்தான். தேங்காய் எண்ணெய் புழங்குற ஊர் நம்மளோடது, சிக்கு வாடை எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். பழைய முறுக்கு டப்பாவைத் திறந்தா வர்ற அதே வாடை சாக்லேட்டுல வந்தா முடிஞ்சது. இதுல நான் கண்ணை நம்ப மாட்டேன், மூக்கைத்தான் நம்புவேன். பளபளன்னு இருக்கிற சாக்லேட் காறியிருக்கும், வெள்ளை பூத்தது அருமையா மணக்கும். துண்டை ரெண்டா உடைச்சு, உடைஞ்ச இடத்தை மோந்து பாருங்க. மேல்பக்கம் ஃப்ரிட்ஜு வாடை வாங்கியிருக்கும், உள்பக்கம் பொய் சொல்லாது.

கொக்கோ வெண்ணெய் லேசுல காறாது. கொக்கோவுலயே அதைத் தடுக்கிற சத்து இருக்கு. அதனால கறுப்பு சாக்லேட் ஒழுங்கா வச்சா ஒன்றரை, ரெண்டு வருஷம் நிக்கும். பால் சாக்லேட் பால் கொழுப்பு சேர்றதால பத்து மாசம், ஒரு வருஷம். வெள்ளைச் சாக்லேட்டுல கொக்கோத் தூளே கிடையாது, வெறும் கொக்கோ வெண்ணெயும் பாலும் சர்க்கரையும்தான். காப்பாத்த ஆள் இல்லாததால அது இன்னும் சீக்கிரம் போகும். வெளிச்சம் பட்டாலே வீணாகும். கண்ணாடி அலமாரியில ட்யூப்லைட்டுக்குக் கீழ அடுக்கி வச்ச வெள்ளைச் சாக்லேட்டை நான் யாருக்கும் வாங்கிக் கொடுக்க மாட்டேன். இதெல்லாத்துக்கும் முன்னாடி காறுறது பருப்பு வச்சது. முந்திரி, பாதாம், பிஸ்தா எல்லாத்துலயும் எண்ணெய் இருக்கு, அதுலயும் பொடிச்சு வச்ச பருப்பு ரொம்பச் சீக்கிரம் காறும். அந்த எண்ணெய் மெதுவா மேல் ஓட்டுக்கும் ஊறி வரும். பருப்பு சாக்லேட் குளிர்ச்சியா வச்சும் சீக்கிரம் வெள்ளை பூக்கிறது அதனாலதான்.

இங்க ஒண்ணு சொல்லியாகணும், எங்க தொழில்ல சில பேருக்குப் பிடிக்காது. மலை ஊர்கள்ல "ஹோம் மேட்"னு விக்கிறதுல நிறைய, காம்பவுண்ட் கட்டியை உருக்கி அச்சுல ஊத்தினது. காம்பவுண்டுல கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலா பாமாயில் விதைக் கொழுப்பு மாதிரி தாவரக் கொழுப்பு இருக்கும். அது தப்பான பொருள் இல்லை. நம்ம வெயிலுக்குத் தாங்கும், விலையும் குறைவு, நானும் செஞ்சிருக்கேன். ஆனா அது கெடுற விதம் வேற. ஈரம் பட்டு நாளானா அந்தக் கொழுப்பு உடைஞ்சு சோப்பு ருசி வரும். வாயில போட்டதும் சோப்பு நுரை பட்ட மாதிரி நாக்கு சொல்லிடும், துப்பிட்டு மீதியைப் போட்டுடுங்க. பாக்கெட்டுல பொருள் பட்டியல் இருந்தா பாருங்க. கொக்கோ பட்டர்னு இருந்தா ஒரு ரகம், ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்புன்னு இருந்தா இது. பட்டியலே இல்லாம தங்கத்தாள்ல சுத்திக் கிலோக் கணக்குல தர்றாங்கன்னா, என்னைக்குச் செஞ்சதுன்னு வாய் விட்டுக் கேளுங்க. நல்ல கடைக்காரர் தயங்காம தேதி சொல்வார்.

தொழிலுக்கு வந்த புதுசுல செலவைக் குறைக்க நல்ல சாக்லேட்டும் காம்பவுண்டும் பாதிக்குப் பாதி கலந்து ஒரு கல்யாண ஆர்டருக்கு ஊத்தினேன். அச்சுல இருந்து எடுக்கும்போது கண்ணாடி மாதிரி இருந்துச்சு. மூணாவது வாரம் பெட்டியைத் திறந்தா அத்தனையும் சுண்ணாம்பு பூசின மாதிரி நின்னுச்சு, கையால தொட்டா மெத்துன்னு அமுங்குச்சு. அந்த ரெண்டு கொழுப்பும் ஒண்ணோட ஒண்ணு சேராது, சேர்த்தா ரெண்டும் இளகும். அந்தக் கல்யாண வீட்டுக்குப் புதுசா செஞ்சு கொடுத்தேன். அன்னைக்குப் பிறகு ரெண்டையும் ஒரே பாத்திரத்துல வச்சதில்லை.

சரி, எப்படி வைக்கிறது? சாக்லேட்டுக்குப் பிடிச்சது 15-ல இருந்து 18 டிகிரி, 20 வரைக்கும் பரவாயில்லை. காத்துல ஈரம் பாதிக்கு மேல இருக்கக் கூடாது. நம்ம பக்கத்துல வருஷம் முழுக்க அப்படி ஒரு இடம் வீட்டுல கிடையாது. ஃப்ரிட்ஜுல வைக்கவே கூடாதுன்னு படிச்சிருப்பீங்க, அது குளிர் நாட்டு வீட்டுக்குச் சொன்னது. கம்பத்துலயும் தேனியிலயும் ஏ.சி. இல்லாத வீட்டுல மாசிக்கு மேல ஃப்ரிட்ஜுதான் வழி. வைக்கிற விதத்துலதான் விஷயம் இருக்கு.

பெரிய பாக்கெட்டை அப்படியே தூக்கி வைக்காதீங்க. ஒரு தடவைக்குத் தின்கிற அளவா பிரிச்சு, ஒவ்வொண்ணையும் தாள்ல இறுக்கச் சுத்தி, காத்துப் போகாத டப்பாவுல போட்டு, டப்பாவை ஒரு ஜிப் கவருக்குள்ள வைங்க. கதவுப் பக்கம் வேண்டாம், திறக்கத் திறக்கச் சூடு ஏறி இறங்கும். உள்ள நடுத்தட்டு நல்லது. வெளிய எடுக்கும்போது வேண்டிய பொட்டலத்தை மட்டும் எடுத்து, பிரிக்காம மேஜை மேல வைங்க. சின்னப் பொட்டலம்னா அரை மணி நேரம், முழு டப்பான்னா ரெண்டு மணி நேரம். வேர்வை உறை மேல வேர்த்துக் காய்ஞ்ச பிறகு பிரிங்க. இது ஒண்ணைச் செஞ்சாலே உங்க வீட்டு வெள்ளையில பெரும்பங்கு நின்னுடும். ஒரு தடவை வெளிய எடுத்த பொட்டலத்தை மறுபடி உள்ள வைக்காதீங்க.

எங்க அம்மா எதையும் அரிசிப் பானைக்குள்ள புதைச்சு வைப்பாங்க, மாம்பழத்துல இருந்து பணம் வரைக்கும். சாக்லேட்டை அங்க வைக்காதீங்க. அரிசியில கூடு கட்டுற அந்து சாக்லேட்டுக்கும் வரும், பருப்பு வச்சதுன்னா தேடி வரும். தங்கத்தாளோட மடிப்புல சிலந்தி நூல் மாதிரி மெல்லிசா ஏதாவது ஓடுதா, ஊசி முனை அளவு ஓட்டை இருக்கான்னு வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. இருந்தா அந்தப் பெட்டியையே ஒதுக்கிடுங்க. 2003-ல மகாராஷ்டிரத்துல கடையில வித்த சாக்லேட்டுல புழு இருந்ததுன்னு பெரிய விவகாரம் ஆச்சு, அடுத்த வருஷமே அந்தச் சாக்லேட்டோட உறையை மாத்தி இறுக்கமாக்கினாங்க. உறைங்கிறது அழகுக்கு இல்லை. மண்பானையை ஈர மணல்ல வச்சுக் குளிர்ச்சி பண்றதும் சாக்லேட்டுக்கு ஆகாது. குளிர்ச்சியோட ஈரமும் வந்துடும்.

வாடை விஷயம் எங்க ஊருக்கே உரியது. கொக்கோ வெண்ணெய் பக்கத்துல இருக்கிற எந்த வாடையையும் இழுத்துக்கும். குமுளியில பாதிக் கடை ஏலக்காய், மிளகு, கிராம்பு விக்கிற கடை, அதே கடையில சாக்லேட்டும் இருக்கும். ஏலக்காய் மூட்டை பக்கத்துல ஒரு மாசம் இருந்த சாக்லேட்டுல ஏலக்காய் போடாமலே ஏலக்காய் மணக்கும். அதாவது பரவாயில்லை. கார்த்திகை, மார்கழியில சபரிமலைக்குப் போயிட்டுத் திரும்புற சாமிமார் சிப்ஸும் அல்வாவும் சாக்லேட்டும் வாங்கி, மீந்த கற்பூரமும் பத்தியும் இருக்கிற பைக்குள்ளயே போட்டுடுவாங்க. வீடு போய்ச் சேர்ந்ததும் சாக்லேட் கற்பூரமா கசக்கும். கெட்டுப்போச்சுன்னு திட்டி எனக்குப் போன் வரும். கெடலை, ஆனா அந்த வாடையை எடுக்க வழியே கிடையாது. பீரோவுல அந்துருண்டை பக்கத்துலயும், ஃப்ரிட்ஜுல கருவாட்டுக்கும் நறுக்கின வெங்காயத்துக்கும் பக்கத்துலயும் வைக்க வேண்டாம்.

குமுளியில வாங்கி மலை இறங்குறவங்க, லோயர் கேம்ப் தாண்டினதும் சூடு மாறுறதைக் கன்னத்துலயே உணர்வீங்க. பஸ்ல எஞ்சின் பக்கமும், கார்ல டிக்கியிலயும் வைக்காதீங்க. சின்ன தெர்மாகோல் பெட்டி போதும். ஐஸ் பாக்கெட் வச்சா துணியில சுத்தி வைங்க, சாக்லேட்டை நேரா தொடக் கூடாது.

தேதியைப் பத்தி ரெண்டு வார்த்தை. "பெஸ்ட் பிஃபோர்"னு போட்டிருந்தா அதுவரைக்கும் ருசி நல்லா இருக்கும்னு அர்த்தம். மறுநாளே விஷமாகாது. வெறும் கறுப்பு சாக்லேட் அந்தத் தேதி தாண்டி ரெண்டு, மூணு மாசம் ஆகியிருந்தாலும், மணம் சரியா இருந்தா நான் சாப்பிடுவேன். "எக்ஸ்பைரி", "யூஸ் பை"ன்னு இருந்தா அந்த நாளோட நிறுத்திடுங்க. கிரீம் ஊத்தின ட்ரஃபிள் ரகத்துக்கு இந்தச் சலுகையே கிடையாது. அது ஃப்ரிட்ஜுல ரெண்டு, மூணு வாரம்தான். லேசாப் புளிச்சாலும், ஓடு விரிஞ்சு உள்ள இருந்து கசிஞ்சாலும் போட்டுடுங்க.

கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத ஒண்ணும் இருக்கு. சால்மோனெல்லா கிருமி சாக்லேட்டுல வளராது, ஆனா சாகாம மாசக்கணக்குல உள்ள கிடக்கும். 2022-ல பெல்ஜியத்துல ஒரு தொழிற்சாலையில செஞ்ச சாக்லேட்டால பல நாட்டுல சின்னப் பிள்ளைங்களுக்கு வயித்துப்போக்கும் காய்ச்சலும் வந்து, சாக்லேட்டை எல்லாம் திரும்ப வாங்கினாங்க. அதை வீட்டுல மோந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சுத்தமா செய்ற இடத்துல வாங்குறது ஒண்ணுதான் காவல். கையுறை இல்லாம, ஈக்கு நடுவுல அச்சுல இருந்து தட்டுறதைப் பார்த்தா நகர்ந்துடுங்க.

வெள்ளை பூத்ததைப் பிள்ளைங்க அப்படியே தின்ன மாட்டேன்னா, சூடான பால்ல போட்டுக் கலக்கிக் கொடுங்க, வெள்ளை இருந்த சுவடே தெரியாது. கேக்குக்கும் ஆகும். தனியா உருக்கணும்னா வெந்நீர்ப் பாத்திரத்து மேல கிண்ணத்தை வச்சு உருக்குங்க. கிண்ணமும் கரண்டியும் எலும்பு மாதிரி காய்ஞ்சிருக்கணும். ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தாலும் மொத்தமும் கெட்டியாத் திரண்டுடும். வேண்டாம்னு போடுறதைத் தெரு நாய்க்கு மட்டும் போட்டுடாதீங்க. கொக்கோவுல இருக்கிற தியோபுரோமின் நாய்க்கு விஷம், கறுப்பு சாக்லேட்டுல அது இன்னும் அதிகம்.

இனி உங்க ஃப்ரிட்ஜுக்கு வர்றேன். எல்லாத்தையும் ஒரு தட்டுல கொட்டி, முதல்ல கிரீம் உள்ள வச்சதைப் பிரிச்சு எடுங்க. தேதி தாண்டியிருந்தாலோ, தேதியே இல்லைன்னாலோ அதை மட்டும் போடுங்க. அடுத்து பிஸ்தா, முந்திரி வச்சதை எடுத்து ஒவ்வொரு பெட்டியிலயும் ஒண்ணை உடைச்சு மோந்து பாருங்க. சிக்கு வாடை இல்லைன்னா இந்த மாசத்துக்குள்ள முதல்ல தீர்க்க வேண்டியது அதுதான். குமுளியில வாங்கினதுல ஒரு துண்டை நாக்குல வச்சு சோப்பு ருசி இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா கொடுங்க. மீதி இருக்கிற பால் சாக்லேட்டையும் கறுப்பையும் நான் சொன்ன மாதிரி பொட்டலம் கட்டி உள்ள வைங்க, அது ஆவணி வரைக்கும்கூட இருக்கும். உங்க மாமியாரையும் பக்கத்துல உட்கார வச்சு அந்த ஒரு சொட்டுத் தண்ணியை வச்சுக் காட்டுங்க. தண்ணி உருண்டு நிக்கிறதையோ பரவி உள்ள இழுக்கிறதையோ அவங்களே பார்த்துட்டா, பூசணம் இல்லைன்னு நீங்க வாதாட வேண்டியிருக்காது.